பழைய கணினியைப் பேணுவதா, மாற்றுவதா?

வீட்டிலுள்ள கணினிக்குப் பத்து வயது கடந்துவிட்டால் அதனைப் பற்றி அவ்வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. "இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, இது போதும்" என்பர் மூத்தோர். "பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்தாலும் திரை வரக்காணோமே" என்பர் இளையோர். இரு சாராரும் உண்மையே பேசுகின்றனர். ஆயினும் வழக்குத் தீர்வதில்லை. பழையதைச் செப்பனிடுவதா, புதியது வாங்குவதா என்பது இரண்டாவதாகக் கேட்கவேண்டிய வினா. இப்பொறிக்கு வந்துள்ள நோய் யாது என்பதை முதலில் கேட்டாக வேண்டும். அதனைக் கேளாமலே கடைக்குச் செல்கிறவர்கள், பல் வலிக்குக் கண்ணாடி வாங்கித் திரும்புவதும் உண்டு.

கணினி கிழடாகிவிட்டது என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வெவ்வேறு செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒரு பாகம் தேய்ந்திருக்கலாம். ஒரு பாகம் நன்றாகவே இருந்தும் இன்றைய வேலைக்குப் போதாமல் இருக்கலாம். பாகங்கள் யாவும் நன்றாக இருந்தும், அதனை இயக்கும் மென்பொருளைச் செய்தவர்கள் அதனைக் கைவிட்டிருக்கலாம். முதல் இரண்டுக்கும் சிறு செலவில் மருந்து உண்டு. மூன்றாவது வேறு வகை; அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

நேயர்களே, பள்ளி அலுவலகம் ஒன்றை மனத்தில் கொண்டு வாருங்கள். மேசை ஒன்று இருக்கிறது. மேசைமுன் எழுத்தர் அமர்ந்திருக்கிறார். வராந்தாவின் கோடியில் பதிவேட்டு அறை இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் சான்றிதழ் கேட்டு வந்தால், ஊழியர் ஒருவர் அந்த அறைக்குச் சென்று சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்து வந்து மேசைமேல் வைக்கிறார். எழுத்தர் பார்த்து எழுதிக் கொடுக்கிறார். கணினியில் எழுத்தராக இருந்து கணக்கிடுவது ப்ராசசர். மேசையாக இருப்பது, கடைக்காரர்கள் 'ராம்' என்று சொல்லும் நினைவகம். (இதற்கும் அயோத்திக்கும் தொடர்பில்லை.) பதிவேட்டு அறையாக இருப்பது வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க்.

சான்றிதழ் வரத் தாமதமானால் வந்தவர் எழுத்தரைத்தான் கடிந்துகொள்வார். எழுத்தரோ கைகட்டிக்கொண்டு ஊழியரின் வரவை எதிர்நோக்கியிருப்பார். வீட்டுக் கணினிகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே. "ப்ராசசர் பழசு, அதனால்தான் வேகமில்லை" என்று சொல்லப்படும் பொறிகள் பலவற்றில் ப்ராசசர் சும்மா இருக்கிறது, தட்டுத்தான் திணறுகிறது. இதனை நேரில் கண்டறிய ஒரு வழி உண்டு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பலகை தோன்றும். விண்டோஸ் 10 உள்ள பொறியில் அப்பலகை ப்ராசசர், நினைவகம், தட்டு ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பங்கு உழைக்கிறது என்று காட்டும். பொறி மெத்தனமாக இருக்கும் நேரத்தில் அதனைத் திறந்து பாருங்கள். தட்டு 100 என்று நின்று, ப்ராசசர் 10 அல்லது 15 என்று காட்டினால் நோய் இன்னதெனத் தெளிவாகிவிட்டது.

வன்தட்டு ஏன் திணறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதன்முதலாக ஒரு தட்டுப் பொறியை வெளியிட்டது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சுழன்றன. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கின. இன்று நம் மேசைக் கணினியில் உள்ள கையகலத் தட்டு அதைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கு மேல் தாங்குகிறது. ஆனால் வேலை செய்யும் முறை மட்டும் பழைய முறைதான். தட்டு சுழல்கிறது, ஒரு கரம் உள்ளும் புறமும் நகர்ந்து, வேண்டிய இடம் தன் முனைக்குக் கீழே வரும்வரை காத்திருந்து படிக்கிறது. மேசைக் கணினித் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும். நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஒரு நொடியில் 240-இல் ஒரு பங்கு, காத்திருக்க வேண்டும். கரம் நகரும் நேரம் இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் செய்திகளை எடுக்க வேண்டுமானால் நொடிக்கு ஏறக்குறைய 80 முறைதான் எடுக்க இயலும். கணினி விழித்தெழும்போது இத்தகைய சிறு செய்திகள் பல்லாயிரம் வேண்டியிருக்கின்றன. காப்பி ஆறிப்போவதற்குக் காரணம் இதுதான்.

எஸ்.எஸ்.டி. என்னும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கரமும் இல்லை. சில்லுகளில் மின்னேற்றமாகச் செய்தி பதிந்திருக்கிறது. அது நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். பத்தாண்டுப் பழமையான கணினியில் செய்யத்தக்க ஒரே மாற்றம் யாதெனக் கேட்பவர்க்கு நான் தயங்காமல் இதனையே சொல்வேன். கடையில் கேட்கும்போது 'இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி.' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். புதிய கணினிகளுக்கென்று மெல்லிய பட்டை வடிவில் ஒரு வகை விற்கிறது. பழைய மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் அதனைப் பொருத்த இடமே இராது.

மேசையாகிய நினைவகத்தைப் பற்றி அவ்வளவு விரிக்க வேண்டுவதில்லை. 4 ஜி.பி. அளவு 2013-இல் தாராளமாக இருந்தது. இன்று இணையத் தளங்கள் நான்கைந்தைத் திறந்தாலே மேசை நிறைந்துவிடுகிறது. இடமில்லாதபோது பாதிப் பதிவேடுகளை மீண்டும் அறைக்கு அனுப்பி, வேண்டும்போது மறுபடி வருவிக்க நேர்கிறது. 8 ஜி.பி. ஆக்கினால் சாதாரண வீட்டு வேலைக்குப் போதும். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். நினைவகத்தில் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 எனத் தலைமுறைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. மற்றொன்று, விண்டோஸ் 32-பிட் வகையாக இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் எவ்வளவு சேர்த்தாலும் அது தொடாது. 'சிஸ்டம் டைப்' என்ற வரியில் 64-பிட் என்று இருக்கிறதா எனப் பார்த்த பின்னரே பணப்பையைத் திறக்க வேண்டும்.

நோயென்றே சொல்லத் தகாத சில சிறு குறைகளும் கணினியைக் குப்பைக்கு அனுப்பிவிடுகின்றன. நாள்தோறும் பொறியைத் திறந்ததும் கடிகாரம் பல்லாண்டு பின்னோக்கிப் போயிருக்கும். வங்கித் தளத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்றது' என்று மறுக்கும். உடையவர் வைரஸ் என்று அஞ்சுவார். மதர்போர்டில் பழைய எட்டணா அளவில் பொத்தான் போன்ற மின்கலம் ஒன்று உண்டு, சி.ஆர்.2032 என்று அதன்மேல் எழுதியிருக்கும். அது தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவே. தேதி தவறினால், தளங்கள் காட்டும் சான்றின் காலவரம்பு பொருந்தாமல் போய்விடும். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் அப்பொருளை மாற்றினால் வைரஸ் போய்விடும்! அவ்வாறே, காற்றாடியில் தூசி அடைத்து ப்ராசசர் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்சாரத்தை அணைத்துவிட்டு மெல்லிய தூரிகையால் துடைப்பது போதும். மின்வெட்டு வந்தவுடன் கணினி அணைந்துவிடுகிறதென்றால் குற்றம் யு.பி.எஸ்.ஸின் பேட்டரியுடையது, அது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருளே.

இனி மூன்றாவது செய்திக்கு வருவோம். இதுதான் முடிவெடுப்பதில் உள்ள உண்மையான இடர்ப்பாடு.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29-இல் வெளிவந்தது. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. நிறுத்திய மறுநாள் கணினி ஓடாமல் போகவில்லை. அதனால்தான் பலர் பொருட்படுத்தவில்லை. ஆதரவு என்பது யாதெனில், மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அதனை அடைத்து அனுப்பும் பணி. அப்பணி நின்றபின் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் திறந்தே கிடக்கும். அவை யாவருக்கும் தெரிந்தும் இருக்கும். பூட்டு நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் மாற்றுச் சாவி சந்தையில் விற்கிறது என்பது போன்ற நிலை. வீட்டுப் பயனாளர்க்கு 2026 அக்டோபர் 13 முடிய நீட்டிப்பு ஒன்றை அந்நிறுவனம் அறிவித்தது. அது அவகாசமே தவிர விடுதலையன்று.

"அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொள்ளலாமே?" எனக் கேட்கலாம். அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்று விதித்திருக்கின்றனர். ப்ராசசரும் இன்டெல் வகையாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை தோன்றியது 2017-இல். உங்கள் ப்ராசசரின் தலைமுறையை அதன் பெயரே சொல்லும். ஐ3-3220 என்றால் கோட்டுக்குப் பின்னுள்ள முதல் எண் 3, மூன்றாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. விதிகளை ஏமாற்றி ஏற்றித் தருவதாகச் சிலர் சொல்வர். வங்கிக் கணக்குப் பார்க்கும் பொறியில் அவ்வேலையை நான் ஏற்பதில்லை.

நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இவ்விடர்ப்பாட்டில் அகப்பட்டார். அவர் கணினி 2013-இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. நினைவகம், 500 ஜி.பி. வன்தட்டு. பணிக்காலத்தின் இறுதியில் தொடங்கி, தம் ஊரின் வரலாற்றை அதில் எழுதி வந்தார். கோயில் கல்வெட்டுகளைப் பார்த்து எழுதியது, முதியவர்களைக் கண்டு கேட்டு எழுதியது என நானூறு பக்கம் சேர்ந்திருந்தது. சொன்ன முதியவர்களுள் பலர் இன்றில்லை. கணினி எழுவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. இடையிடையே 'டிக் டிக்' என்று ஓர் ஒலி. கடைக்காரர் பார்த்துவிட்டு, "ஐயா, இதற்குச் செலவு செய்வது வீண், இதை எடுத்துக்கொண்டு புதியது தருகிறேன், கழிவு உண்டு" என்றார். அயலூரிலுள்ள மகனும், "அப்பா, நான் பணம் அனுப்புகிறேன், வாங்கிவிடுங்கள்" என்றார். நண்பர் சம்மதிக்கும் நிலையில்தான் என்னிடம் வந்தார்.

கடைக்காரர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்தக் 'கழிவு' என்பதற்குள் நானூறு பக்கமும் அடக்கம் என்பதை இருவருமே எண்ணிப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒலி வருகிறதென்றால் அது சாகும் தறுவாயில் இருக்கலாம். அந்நிலையில் வேறு சோதனை எதுவும் செய்யாமல் முதலில் நகலெடுப்பதே முறை. அன்று மாலையே ஒரு புறத் தட்டில் எல்லாவற்றையும் நகலெடுத்தோம். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆயிற்று. பின்னர்த் தட்டின் உடல்நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்னும் இலவச மென்பொருளை இட்டுப் பார்த்தோம். பழுதுபட்டு விலக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை சுழியமாக இருக்க வேண்டிய இடத்தில் எண் ஏறியிருந்தது. 'எச்சரிக்கை' என்று மஞ்சள் நிறத்தில் காட்டியது.

அடுத்து வந்த சிக்கல் எதிர்பாராதது. அவருடைய கோப்புகள் பழைய தமிழ் எழுத்துரு ஒன்றில் தட்டச்சானவை. யூனிகோடு பரவுவதற்குமுன் தமிழ் எழுத்துருக்கள் தத்தமக்கு ஒரு முறையை வைத்திருந்தன. கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களே. அவ்வெண்களுக்குத் தமிழ் வடிவத்தை எழுத்துரு போர்த்திக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் மட்டுமே தோன்றும். இந்தக் குழப்பத்தை நீக்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டிப் பொதுவான விசைப்பலகையும் குறிமுறைகளும் வகுத்தனர். 2010-இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆயினும் பழகிய கை பழைய எழுத்துருவை விடுவதில்லை; நம் புலவர்களில் எத்தனை பேருடைய உழைப்பு இன்னும் அவ்வாறு முடங்கிக் கிடக்கிறதோ! பழைய கணினி உயிரோடிருக்கும்போதே எழுத்துருக் கோப்புகளையும் உடன் நகலெடுத்துக்கொண்டு, மாற்றித் தரும் மென்பொருளால் யூனிகோடாக்கிவிட வேண்டும். நண்பர் அதனைச் செய்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. மாற்றத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சில இடங்களில் இடம் மாறின. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துத் திருத்தினார். தமிழாசிரியராதலின் அது அவருக்குத் துன்பமாகத் தோன்றவில்லை.

இவ்வளவும் ஆனபின்புதான் செப்பனிடுவதா மாற்றுவதா என்னும் வினாவை எடுத்தோம். அவர் செய்யும் வேலைகளைத் தாளில் எழுதச் சொன்னேன். எழுதுவது, மின்னஞ்சல், நாளிதழ் படிப்பது, மகனுடன் திரையில் பேசுவது, வங்கிக் கணக்கும் ஓய்வூதிய விவரமும் பார்ப்பது. விண்டோஸ்தான் வேண்டும் என்னும் வேலை அதில் ஒன்றுமில்லை. ஆகவே எஸ்.எஸ்.டி. ஒன்று பொருத்தி, நினைவகத்தை 8 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தை ஏற்றினோம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிவைத்த லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது அது. ஓட்டைகளை அடைக்கும் பணி அதில் தொடர்ந்து நடக்கிறது, அதற்கு டி.பி.எம். சில்லும் வேண்டியதில்லை. எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் என்னும் தொகுதி அதனுடனேயே வருகிறது. முன்னதாக யு.எஸ்.பி. குச்சியிலிருந்து இயக்கிப் பார்த்து, அச்சுப்பொறியும் ஒலியும் இணையமும் தடையின்றி வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொண்டோம். முதல் வாரம் நண்பர் சற்று முணுமுணுத்தார்; வழக்கமான பொத்தான் வழக்கமான இடத்தில் இல்லை என்பது குறை. இப்பொழுது பொறி அரை நிமிடத்திற்குள் எழுகிறது.

இதனைக் கேட்டு எல்லாரும் பழையதையே பேண வேண்டும் என்று கொள்ளலாகாது. அதே தெருவில் மற்றொரு வீட்டில் பேத்தி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். அவள் பாடத்திற்கு வேண்டிய வரைபட மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். ஓடுவதற்கு 16 ஜி.பி. நினைவகம் இருந்தால் நலம். அவ்வீட்டுப் பொறியோ நான்காம் தலைமுறை. அங்கே எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் அது ஓராண்டுத் தவணைதான். புதியதை வாங்குங்கள் என்றே சொன்னேன். மதர்போர்டில் உருளை வடிவான மின்தேக்கிகளின் தலை வீங்கியிருந்தாலும் அவ்வாறே. ப்ராசசரை மட்டும் மாற்றலாம் என்று எண்ணுபவர்க்கு, அதற்கேற்ற மதர்போர்டும், அதற்கேற்ற நினைவகமும் வேண்டியிருக்கும்; கூட்டிப் பார்த்தால் பெட்டியொன்றே பழையதாக எஞ்சும். என் கணக்கு ஒன்று உண்டு, அதனை விதி என்று கொள்ள வேண்டாம்: செப்பனிடும் செலவு புதியதன் விலையில் மூன்றிலொரு பங்கைத் தாண்டுமானால் நான் நிறுத்திக்கொள்வேன்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் ஆண்டுதோறும் மலிவாகும் என்பது பலகாலமாக நாம் பழகிய எண்ணம். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது தலைகீழாயிற்று. செயற்கை நுண்ணறிவுக்கெனக் கட்டப்படும் பெரிய கணினி நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டதால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. ஆகவே பக்கத்து வீட்டார் இரண்டாண்டுக்குமுன் கொடுத்த விலையை நம்பிக் கடைக்குச் செல்லலாகாது. பழைய பொறியிலிருந்து கழற்றப்பட்ட நினைவகப் பட்டைகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன, டி.டி.ஆர்.3 வகைக்கு அதுவே சிக்கன வழி. எஸ்.எஸ்.டி.யை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம். அது எழுத எழுதத் தேய்வது.

புதியது வாங்குவோரும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுவதில்லை. திரை நன்றாக இருந்தால் இருக்கட்டும். பழைய திரையில் வி.ஜி.ஏ. என்னும் நீலநிற இணைப்பு மட்டும் இருந்து, புதிய பெட்டியில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்தால், இடையே இடும் மாற்றி ஒன்று சொற்ப விலையில் உண்டு. விசைப்பலகைக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும் கணினியின் வயது ஒரு பொருட்டன்று. கையொடியத் தட்டிப் பழகிய விசைப்பலகையை எறிந்துவிட்டு மிருதுவான புதிய ஒன்றோடு மல்லுக்கட்டுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கழிக்கும் பொறியைப் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. அதன் பற்றுகளில் ஈயம் இருக்கலாம். திறந்த வெளியில் எரித்தும் அமிலத்தில் கரைத்தும் செம்பைப் பிரிப்பவர்களின் நுரையீரலுக்கே அது போய்ச் சேரும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேர வேண்டும். கொடுக்குமுன் தட்டைக் கழற்றி வைத்துக்கொள்க. கோப்பை அழித்துவிட்டேன் என்பர். அழிப்பதென்பது பதிவேட்டின் பொருளடக்கத் தாளைக் கிழிப்பது போன்றதே. உள்ளிருக்கும் பக்கங்களை எடுக்கத் தெரிந்தவர் எடுத்துவிடுவர். வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கின்றன. முழுத் தட்டின் மேலும் வேறு செய்தியை எழுதி மூடும் மென்பொருள் உண்டு. அது தெரியாதவர் நான்கு திருகாணிகளைக் கழற்றித் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாம். நண்பர் தம் பழைய தட்டைத் துணியில் சுற்றி, மேலே ஆண்டைக் குறித்து, ஊர் வரலாற்றின் அச்சுப்படியோடு பெட்டியில் வைத்திருக்கிறார். புறத் தட்டிலுள்ள நகல் மகன் வீட்டில் இருக்கிறது.